காலித் தொட்டியில் நாலரைக் கிலோ

செத்தவரின் சட்டை தையல் கடைக்கு வந்தால், சின்னதாக்கித் தரச் சொல்லித்தான் வரும். மகனுக்கோ, தம்பிக்கோ. அதனால் சோப்புத் தொழிற்சாலையில் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் தொட்டிக்காரரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையோடு உள்ளே வந்ததும், தையல்காரி வழக்கம்போல் கழுத்திலிருந்து அளவு நாடாவை உருவினாள்.

"வெட்ட வேணாம்க்கா. பாத்துச் சொன்னாப் போதும்," என்றாள் வந்தவள்.

"என்னத்தப் பாக்கணும்?"

"இதுல சாராயம் எப்படி வந்துதுன்னு."

தையல்காரியின் கை நாடாவோடு அந்தரத்தில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? நாலு நாளைக்கு முன்னால், காலித் தொட்டிக்குள் விழுந்து தொட்டிக்காரர் செத்தார் என்ற செய்தி தெருமுனையைத் தாண்டுவதற்குள், 'மூக்கு முட்டக் குடிச்சிட்டு இறங்கினாராம்' என்ற மீதியை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவள் அவள்தான். பதினொரு வீடு. வாங்கிய துணியைத் தைத்துக் கொடுப்பதில்கூட அவள் அத்தனை சுறுசுறுப்பு காட்டியதில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. சூடு ஆறுவதற்குள் நாலு பேருக்குப் பரிமாற வேண்டும் என்கிற தாராள மனசு.

"வெள்ளிக்கிழமை விசாரணை வச்சிருக்காங்க," என்றாள் தொட்டிக்காரரின் மனைவி. அழுது முடித்த குரல். "குடிபோதைன்னு எழுதிட்டா பதினஞ்சு நாள்ல கம்பெனி வீட்டைக் காலி பண்ணணுமாம். வீடு போனாப் போகுது. எம் பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. 'உங்கப்பா மிதந்தாரா, முங்கினாரா'ன்னு கேக்குறாங்களாம். அவரு பண்டிகைக்குக்கூடத் தொட்டதில்லக்கா."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கிறதா? அவள் அந்தப் பக்கம் போகவே இல்லையே.

சட்டையைப் பிரித்தாள். அவள் தைத்ததுதான். மார்பிலும் முழங்கையிலும் செங்கல் நிறத்தில் துரு. முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவே ஓர் அகலமான கறை. மூக்கருகே கொண்டுபோனாள். சாராயம்தான், சந்தேகமில்லை. ஆனால் துணி விஷயத்தில் அவள் கண் பொய் சொல்லாது. முதுகிலும் துரு பட்டிருந்தது. சாராயம் பட்ட இடத்தில் மட்டும் அந்தத் துரு கரைந்து ஓரத்துக்கு ஒதுங்கி, கறையைச் சுற்றிக் கரை கட்டினாற்போல் நின்றது.

"முதல்ல துரு. அப்புறம்தான் சாராயம்," என்றாள், தன்னையும் அறியாமல். "தொட்டிக்குள்ள விழுந்து எழுந்த பின்னாடி முதுகு வழியா குடிக்கிறவங்க யாரும் உண்டா?"

"அப்ப ஊத்தியிருக்காங்க."

"வாடை அடிச்சுதுன்னு முதல்ல சொன்னது யாரு?"

"சூப்பர்வைசர் சொன்னாரு." தொட்டிக்காரரின் மனைவி பையின் காதை முறுக்கினாள். "என் தம்பியும் சொல்றான். அவன்தான் தொட்டி மூடிகிட்ட காவலுக்கு நின்னவன். கூடப் பிறந்தவன் பொய் சொல்லுவானாக்கா?"

தையல்காரி நாடாவைக் கீழே வைத்தாள். சட்டையை எடுத்துக்கொண்டு, "வா, மாடிக்குப் போவோம்," என்றாள்.

மாடியில் இருந்தவர் தராசுக்காரர். ஊரில் உள்ள எடைமேடைகளைச் சரிபார்த்து முத்திரை வைப்பது அவர் தொழில். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால்கூட, ஒரு தட்டில் ஆமாம், மறு தட்டில் இல்லை என்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கடைத்தெருவில் நடந்த இரண்டு மூன்று வம்புகளை அவர் இப்படி நிதானமாகவே தீர்த்து வைத்திருந்தார். அந்தப் புகழ் முழுவதையும் பரப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் சட்டையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தத் தொட்டிம்மா?"

"பழைய உப்புத் தண்ணித் தொட்டிங்கய்யா. எட்டு மாசமா காலி. உப்புத் தண்ணி இருந்த தொட்டியில விஷம் ஏது, புகை ஏதுன்னு சொல்றாங்க. அதனால குடின்னு முடிவு கட்டிட்டாங்க."

"அந்தத் தொட்டி என் எடைமேடை மேலதான் நிக்குது," என்றார் தராசுக்காரர். "நாளைக்கு நான் அங்க போற முறை."

"எடைக்கல் பெட்டியைத் தூக்க ஆள் வேணுமே அண்ணே?" என்றாள் தையல்காரி.

"பத்து வருஷமா நானேதான் தூக்குறேன்."

"அதான் கை வலிக்கும்னு சொல்றேன்."

மறுநாள் காலை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். கனம் இடுப்பை ஒடித்தது. ஆனாலும் தொழிற்சாலைக்குள் நுழைய வேறு எந்தப் பெட்டி கிடைக்கும்?

தொட்டி ஒரு பெரிய கொட்டகைக்குள் நின்றது. இருபதாயிரம் லிட்டர் பிடிக்கும் இரும்புத் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை எடையை வைத்தே தெரிந்துகொள்வார்கள். அதற்காகத் தொட்டியின் நாலு கால்களும் எடைமேடையின் மேல் இருந்தன. பக்கத்துக் கண்ணாடி அறையில் ஒரு பேனா ஊசி, மெல்ல நகரும் தாள்சுருளில் எடையைக் கோடாக எழுதிக்கொண்டே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் புதுத் தொட்டி வந்ததும் இதைக் காலி செய்து, அலசி, ஈரம் காயும் முன்பே பதினாறு போல்ட் போட்டு இறுக்கி மூடிவிட்டார்கள். பேனாவுக்கு மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் அது நிற்கவில்லை.

தராசுக்காரர் சுருளை அவிழ்த்து மேஜைமேல் விரித்தார்.

"நல்ல ஓட்டுத் தையல் மாதிரி நேராப் போகுதே," என்றாள் தையல்காரி. "இங்க மட்டும் என்ன மேடு?"

"மூணு கிலோ, ரெண்டு மணி நேரம். பூனை. மூடிமேல ஏறித் தூங்கும்." அவர் விரல் நகர்ந்து, தொட்டிக்காரர் இறந்த நாளில் நின்றது. "இதைப் பாரு."

காலை ஒன்பது ஐந்துக்குக் கோடு மெல்ல மெல்ல ஏறியிருந்தது. நாலரைக் கிலோ. ஒன்பது இருபதுக்கு ஒரே தாவலாக இன்னும் அறுபத்துநாலு கிலோ.

"இது அவரு," என்றார் தராசுக்காரர்.

அந்தத் தாவலுக்குப் பிறகு கோடு கொஞ்ச தூரம் நடுங்கியிருந்தது. உயிருள்ள மனிதன் உள்ளே நடந்தால் பேனா நடுங்கும். ஒரு நிமிட நடுக்கம். அப்புறம் கோடு அடித்து வைத்தாற்போல் நேராகப் போனது. பத்து மணி தாண்டும் வரைக்கும் அசையவே இல்லை. பத்தேகாலுக்கு அந்த அறுபத்துநாலு கிலோவும் இறங்கியது.

தையல்காரி நிமிடங்களை விரல் விட்டு எண்ணினாள். விழுந்த ஐந்தே நிமிடத்தில் தூக்கிவிட்டதாகத்தான் சூப்பர்வைசர் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். அவளும் அப்படியே சொல்லியிருந்தாள்.

"ஆள் வெளிய வந்தாச்சு," என்றார் தராசுக்காரர். "ஆனா ஊசி பழைய இடத்துக்கு வரல. அந்த நாலரைக் கிலோ இன்னைக்கும் உள்ளேயே இருக்கு. அது என்ன?"

"பூனையா?"

"பூனை எறங்கிப் போயிடும்."

இருவரும் மேல்தளத்துக்கு ஏறி மூடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தளம் தனி இரும்புச் சட்டத்தில் இருந்ததால் அவர்கள் எடை தொட்டிமேல் விழவில்லை. உள்ளே சுவரெல்லாம் துரு, தரையெல்லாம் செதில். அடியில் கை துடைக்கும் துணி ஒன்று கிடந்தது. வேறு ஒன்றுமில்லை.

மேலே காவல் நின்ற தம்பி, அக்காவின் ஊர்க்காரி என்பதால் தையல்காரியிடம் பேசினான். இருபத்தைந்து வயது. ஐந்து நாளில் முகம் சுருங்கியிருந்தது.

"அந்தத் துணி மாமாவோடதுக்கா. தொட்டியைச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுக்கணும்னாங்க. போல்ட் எல்லாம் கழட்டியும் மூடி வரவே இல்ல. கடப்பாரை போட்டு நெம்பினோம். உஸ்ஸுன்னு ஒரு சத்தம். ஓரத்துல கிடந்த துணியை லபக்குன்னு உள்ள இழுத்துடுச்சு. மாமா சிரிச்சாரு, 'எட்டு மாசமா பட்டினிடா மாப்ள, பசி தாங்கல'ன்னு." சிரிக்கப் போன அவன் வாய் பாதியில் நின்றுவிட்டது.

"அப்புறம் உங்க மாமாவை எப்படித் தூக்குனீங்க?" என்று தராசுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"சூப்பர்வைசர் யாரையும் இறங்க விடல. பத்து நிமிஷம் காத்து ஊதுற மெஷினைப் போட்டுட்டு, அப்புறம்தான் மேல்தளத்துலேர்ந்து கயித்துல ஒருத்தனைத் தொங்க விட்டுத் தூக்கச் சொன்னாரு."

"அவர்கிட்ட வாடை அடிச்சுதா தம்பி?"

தம்பி கீழே பார்த்தான். "அடிச்சுது," என்றான்.

படி இறங்கும்போது தையல்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "யாரு அண்ணே? சூப்பர்வைசர்தானே? எனக்கு அப்பவே தெரியும்!"

"அஞ்சு நாளைக்கு முன்னாடி உனக்கு வேற ஒண்ணு தெரிஞ்சிருந்துதே, தங்கச்சி," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

பெட்டி திடீரென்று இன்னும் கனத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஒரு கொத்தை உப்புத் தண்ணீரில் நனைத்து, பெரிய கண்ணாடி ஜாடிக்குள் போட்டார். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்து, நுட்பமான தராசில் வைத்தார். தையல்காரி மூன்று நாளும் மாடிக்கும் கீழுக்குமாக நடந்து முள்ளைப் பார்த்தாள். நார் செக்கச்செவேல் என்று துருப்பிடித்தது. முள் மயிரிழைகூட அசையவில்லை.

"துரு ஏறினா எடை கூடணும்னீங்களே?"

"நார் கூடிருச்சு. ஜாடிக்குள்ள இருந்த காத்து அதே அளவு குறைஞ்சிருச்சு. மூடின பாத்திரத்துக்குள்ள எது எதைத் தின்னாலும் மொத்த எடை மாறாது. இப்பத் திற."

அவள் மெழுகைக் கீறினாள். மெல்லியதாக ஒரு உஸ். முள் ஒரு கோடு ஏறியது. தராசுக்காரர் ஒரு தீக்குச்சியைக் கிழித்து ஜாடிக்குள் இறக்கினார். சுடர் உள்ளே போய் ஒரு முறை குனிந்து, அணைந்தது.

"அய்யோ," என்றாள் தையல்காரி.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். இந்தப் பக்கம் சூப்பர்வைசர், தம்பி, தொட்டிக்காரரின் மனைவி. தராசுக்காரர் சுருளோடு வந்திருந்தார். எடைக்கல் பெட்டிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்றாலும் தையல்காரி அதைத் தூக்கிக்கொண்டு வந்து மூலையில் நின்றாள்.

சூப்பர்வைசர் ஒரு சீட்டை நீட்டினார். "விதிப்படி முந்தின நாள் நாலு மணிக்கே மூடியைத் திறந்து வச்சாச்சு சார். பதினேழு மணி நேரம் காத்தாடியிருக்கு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், செத்தவரும் போட்டிருக்காரு. சுத்தமான தொட்டி. குடிச்சிட்டு இறங்கினா கம்பெனி என்ன பண்ணும்?"

தராசுக்காரர் சுருளை விரித்து, கோடு நேராக நின்ற நாற்பது நிமிடத்தைக் காட்டினார். தொட்டிக்காரரின் மனைவி எழுந்து வந்து பார்த்தாள்.

"இந்த மேடு என்னங்கய்யா?"

தராசுக்காரர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. விரலால் அந்தக் கோட்டை நடுங்கும் இடத்திலிருந்து தொட்டுக்கொண்டே போனாள். அது முடியவே இல்லை.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னது தப்பா இருக்கலாம்," என்றார் சூப்பர்வைசர். "பதட்டத்துல யாரு மணி பாத்தா? ஆனா மூடி முந்தின நாளே திறந்திருந்துது. அது கீல்ல திரும்புற மூடி. திறந்தாலும் மூடினாலும் எடை அதேதான். உங்க தாளுக்கு அது தெரியாது, தராசுக்காரரே."

"மூடி தெரியாது. வாஸ்தவம்," என்றார் தராசுக்காரர். "ஆனா காத்துக்கும் எடை உண்டு."

மேனேஜர் நிமிர்ந்தார்.

"ஒன்பது அஞ்சுக்கு நாலரைக் கிலோ ஏறியிருக்கு சார். அவர் இறங்குறதுக்குக் கால்மணி முன்னாடி. ஆள் வெளிய வந்த பிறகும் அது இறங்கல. உள்ள ஒரு துணியும் துருவும் தவிர ஒண்ணும் கிடையாது. அப்ப, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு நாலரைக் கிலோ உள்ள போயிருக்கணும்."

"காத்து ஏன் புதுசா உள்ள போகணும்? தொட்டியில ஏற்கெனவே காத்துதானே இருக்கும்?" என்றார் மேனேஜர்.

"இருந்துது. இருபத்துநாலு கிலோ. அதுல மூச்சுக்கு ஆகுற பங்கு அஞ்சரைக் கிலோதான். உப்பு ஈரத்தோட இரும்பை அடைச்சு வச்சீங்க. எட்டு மாசமா அந்தப் பங்கை இரும்பு தின்னு துருவாயிருச்சு. தொட்டி மூடியிருந்ததால மொத்த எடை மாறல, ஊசியும் அசையல. ஆனா உள்ள காத்து குறைஞ்சு போச்சு. அதான் மூடி வராம ஒட்டிக்கிச்சு. அதான் கடப்பாரை. திறந்ததும் காலியான இடத்தை நிரப்ப வெளிக்காத்து பாஞ்சு உள்ள போச்சு, துணியையும் இழுத்துக்கிட்டு. அந்தக் காத்துதான் இந்த நாலரைக் கிலோ." அவர் விரல் தாளில் நின்றது. "முந்தின நாள் நாலு மணிக்குத் திறந்திருந்தா கோடு நாலு மணிக்கு ஏறியிருக்கணும். அங்க நேராக் கிடக்கு. அந்த மூடி அன்னைக்குக் காலையில ஒன்பது அஞ்சுக்குத்தான் முதல் தடவையா திறந்துது."

சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். "துரு ஆளைக் கொல்லும்னு எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதா? அப்ப, குடிச்சு விழுந்தவரைத் தூக்க எதுக்குப் பத்து நிமிஷம் காத்து ஊதுனீங்க?"

சூப்பர்வைசர் திரும்ப உட்கார்ந்தார்.

"சட்டையில துருவுக்கு மேல சாராயம் இருக்கு சார்!" என்று மூலையிலிருந்து தையல்காரி கத்தினாள். "தூக்கிக் குப்புறக் கிடத்தின பிறகு முதுகுல ஊத்தினது!"

தொட்டிக்காரரின் மனைவி யாரையும் பார்க்கவில்லை. தம்பியை மட்டும் பார்த்தாள். "நாப்பது நிமிஷம் நீ எங்கடா இருந்தே?"

தம்பியின் கை சட்டைப் பைக்குப் போனது. மடித்த காகிதம் ஒன்று வெளியே வந்தது. "வேலை நிரந்தரம்னு ஆர்டர் வந்திருக்கு, ஆபீஸ்ல போய் வாங்கிக்கோன்னு சூப்பர்வைசர் சொன்னாருக்கா. மாமாவும் 'போடா, நான் பாத்துக்கிறேன், உப்புத் தண்ணித் தொட்டிதானே'ன்னாரு. கிளார்க் உக்கார வச்சுட்டான். வந்து பாத்தா..." அவன் காகிதத்தை மேஜைமேல் வைத்தான். "காவல் விட்டுப் போனது நீதான், கொலைக் கேசு உன்மேலதான் வரும்னாரு. வாடை அடிச்சுதுன்னு மட்டும் சொல்லு, ரெண்டு பேரும் தப்பிச்சோம்னாரு."

"ரெண்டு பேரும்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான்.

மேனேஜர் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு வழி கிடைத்த முகம். "ஆனா இதுல உங்க வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா. திறக்காத மூடியைத் திறந்ததா."

"பதினாறு போல்ட் சார்," என்றான் தம்பி. "ஒரு நாள் முன்னாடி யாருமே கழட்ட மாட்டாங்க. பல வருஷமா எல்லாரும் சும்மாதான் கையெழுத்துப் போடுறாங்க. உங்களுக்கும் தெரியும்."

மேனேஜருக்குத் தெரிந்ததை அவர் எழுதவில்லை. மதியத்துக்குள் அறிக்கை வந்தது: விபத்து; மது காரணமல்ல; மேற்பார்வையாளர் வேறு பிரிவுக்கு மாற்றம்; காவல் நின்றவர் நீக்கம்; இறந்தவரிடமும் கவனக்குறைவு. பள்ளி ஆண்டு முடியும் வரை வீட்டில் இருக்கலாம்.

வாசலில் தம்பி ஒரு பக்கமாகவும் அக்கா இன்னொரு பக்கமாகவும் நடந்தார்கள். நாலடி போனவள் திரும்பி வந்து தராசுக்காரரிடம் கேட்டாள்.

"அவன் அங்கேயே நின்னிருந்தா, அவரு பொழச்சிருப்பாரா?"

தராசுக்காரர் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நின்னிருந்தா, மாமா விழுந்ததும் அவனும் குதிச்சிருப்பான்மா. தாள்ல ரெண்டு மேடு இருந்திருக்கும்."

"இல்லேன்னா சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டிருப்பான்."

அதற்கு அவரிடம் எடைக்கல் இல்லை. அவள் போய்விட்டாள்.

தையல்காரி அன்று சாயங்காலமே கிளம்பினாள். பதினொரு வீடு. கொண்டு சேர்த்ததைத் திரும்ப வாங்கி வர வேண்டும். முதல் வீட்டில் உப்பு, துரு, காற்று என்று அவள் ஆரம்பித்தபோதே அந்த அம்மாள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். மூன்றாவது வீட்டில், "கம்பெனிக்காரன் வாயடைக்க அப்படி எழுதிக் கொடுத்திருப்பான்," என்றார்கள். ஐந்தாவது வீட்டில் அவளுக்கே தெரியாத புதுச் செய்தி இருந்தது: தொட்டிக்காரர் தினமும் குடிப்பாராம், பெண்டாட்டியை அடிப்பாராம். அவள் கொடுத்ததைவிட ஒரு கை கூடவே இருந்தது. எங்கிருந்து ஏறியது என்று எந்தத் தாளும் சொல்லாது.

பதினோராவது வீட்டுக்காரி, காயப்போட்ட துணியை மடித்தபடியே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"பாவம்," என்றாள். "ஆனா வாடை அடிச்சுதுன்னு சொன்னியே?"

"நான் எங்க மோந்து பாத்தேன்? சொன்னாங்க, சொன்னேன்."

"அப்ப நீ சொன்னதை நம்பினேன். இப்பவும் நீதான் சொல்றே." அவள் துணியைத் தட்டிக் கூடையில் போட்டாள். "எதை வச்சுக்கட்டும்?"

தையல்காரி படி இறங்கினாள். எதிரே பள்ளிப் பையோடு ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். தொட்டிக்காரரின் மகள். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் போய் வந்திருக்கிறாள் போலிருக்கிறது. தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். சிறுமி அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தாள்.